கியர்பாக்ஸ் போச்சு என்று முடிவு கட்டும் முன்: டீசல் பிக்கப் ஆட்டோமேட்டிக்கில் எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் கதவைத் திறக்கும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள்: "கியர்பாக்ஸ் போச்சு." பல நேரம் போயிருக்காது. ஆயில் குறைந்திருக்கும், பேட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கும், அல்லது ஒரு ஒயர் சேஸிஸில் உரசி உரசி அறுந்திருக்கும். அதனால் இதை வண்டி காட்டும் அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாதது முதலில், பெட்டியை, அதாவது கியர்பாக்ஸை, பிரிக்க வேண்டியது கடைசியில். உங்கள் வண்டி செய்வது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

## எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டிய மூன்று

ஆயில். வண்டியைக் குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆயில் சூட்டில் விரியும். குளிர்ந்த பெட்டியில் பார்த்த அளவை நம்பி ஊற்றினால் சூடானதும் அது கூடுதலாகிவிடும். லீவரை எங்கே வைத்துப் பார்ப்பது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பெரும்பாலானவற்றில் பார்க். டாட்ஜ் ராம் கம்மின்ஸ் வண்டிகளில் வரும் 47ஆர்இ, 48ஆர்இ பெட்டிகளில் நியூட்ரல். ஆரம்ப காலத்தில் நான் ஒரு 47ஆர்இ-யைப் பார்க்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தப்பான அளவை நம்பி ஆயில் விட்டேன். அடுத்த நாள் வென்ட் குழாய் வழியாகப் பொங்கி எக்ஸாஸ்ட் மேல் விழுந்து புகைந்தபோதுதான் உறைத்தது. டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளில் கீழிருந்து பிளக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு வெப்ப அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியில்) அந்த வெப்பம் வரும்வரை பொறுங்கள்.

டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடையுங்கள், பழுப்புத் துணியில் ஒன்றும் தெரியாது. நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏடிஎஃப்+4 வகை ஆயிலின் சிவப்புச் சாயம் நிரந்தரமானதல்ல, நன்றாக உழைக்கும் ஆயில்கூட ஓட ஓடக் கறுக்கும். மூக்கை நம்புங்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து எரிந்திருக்கிறது. நுரை இருந்தால் ஆயில் கூடுதல், அல்லது பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது. ஸ்ட்ராபெரி பால் போல இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. அதற்குமேல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். கூலன்ட் பட்டால் கிளட்ச் பிளேட்டின் லைனிங் ஒட்டுவிட்டு உரியும். நேராக டிரான்ஸ்மிஷன் வேலை தெரிந்தவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டிய கேஸ் அது.

மின்சாரம். டீசல் பிக்கப்பில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் பேரலலாக இருக்கும். ஒன்று செத்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும், ஆனால் இன்ஜின் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இன்ஜின் நின்று சில மணி நேரம் கழித்து ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி அளந்தால் 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பெட்டியின் கம்ப்யூட்டருக்கு வோல்டேஜ் குறைந்தால் அது சொல்லும் கோடுகளில் (கோளாறு எண்களில்) பாதி பொய்.

ஸ்கேனர். பி0700 என்று மட்டும் வந்தால் அது கோளாறு அல்ல, அழைப்பு மணி. டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரில் வேறு கோடு இருக்கிறது, அங்கே போய்ப் படி என்பதே அதன் பொருள். இன்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும் சின்ன கருவி இதற்குப் போதாது. கோடுகளை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். அழித்துவிட்டு வருகிற வண்டியைப் பார்ப்பது, ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு டாக்டரிடம் போவது மாதிரி.

## காலையில் டிரைவ் போட்டால் சில விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது

இரவெல்லாம் நின்ற பிறகு மட்டும் என்றால்: டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உறுப்பில்) இருந்த ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது பெட்டியின் அடித்தட்டுக்கு, வடிந்துவிட்டது. பணமில்லாத சோதனை ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்ததும் பார்க்கில் வைக்காமல் நியூட்ரலில் பதினைந்து விநாடி விட்டு, பிறகு டிரைவ் போடுங்கள். மேலே சொன்ன டாட்ஜ் பெட்டிகளில் பார்க்கில் இருக்கும்போது கன்வர்ட்டருக்கு ஆயில் போகாது, நியூட்ரலில் போகும். உடனே பிடித்தால் காரணம் வடிதல்தான். இதோடு வருடக்கணக்கில் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. நான் அவசரப்பட்டுப் பிரிக்கச் சொல்வதில்லை.

பகலில் சூடாக இருக்கும்போதும் தாமதம் என்றால்: ஆயில் அளவு, பிறகு ஃபில்டர். ஃபில்டர் மாற்றிய பிறகுதான் இது ஆரம்பித்ததா என்று யோசியுங்கள். ஃபில்டர் கழுத்தில் இருக்கும் சீல் மடங்கி உட்கார்ந்திருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். இரண்டும் சரி என்றால் உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன, இல்லையேல் பம்ப் தேய்ந்துவிட்டது. பிரஷர் கேஜ் மாட்டி லைன் பிரஷர் (பம்ப் தரும் ஆயில் அழுத்தம்) பார்க்காமல் இதற்குமேல் ஊகிப்பதில் பயனில்லை. கேஜும் அந்தப் பெட்டிக்குரிய அளவுகளும் இல்லாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

## ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

முதலில் இது நிஜமான நழுவலா என்று பாருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டேகோமீட்டர் முள்ளைக் கவனியுங்கள். வேகம் கூடாமல் முள் மட்டும் துள்ளினால் பெட்டி நழுவுகிறது. முள்ளும் சேர்ந்து சோர்ந்து இறங்கினால் பெட்டி மேல் பழி போடாதீர்கள். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது டர்போவிலிருந்து வரும் ரப்பர் பூட் கிழிந்து காற்று வெளியேறும். இந்த ஒரு சோதனை தெரியாமல் பெட்டியை இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ட்யூனர் (இன்ஜின் சக்தியைக் கூட்டும் கருவி) மாட்டியிருக்கிறதா? இருந்தால் கம்பெனி அளவுக்குத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். சக்தியைக் கூட்டினது இன்ஜினில், பெட்டியிலிருக்கும் கிளட்ச் பழசு. கம்பெனி அளவில் நழுவல் நின்றுவிட்டால் உங்களுக்கு இரண்டே வழி: அப்படியே ஓட்டுவது, அல்லது பெட்டியையும் அந்தச் சக்திக்கு ஏற்பக் கட்டுவது.

எல்லா கியரிலும் நழுவினால்: ஆயில் அளவு, ஃபில்டர், லைன் பிரஷர் என்ற வரிசை. 47ஆர்இ-யில் இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து இழுக்கும் த்ராட்டில் வால்வ் கேபிள் தளர்ந்தால் பிரஷர் ஏறாது; கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் விழும், கிளட்ச் நழுவி எரியும். ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே பார்க்க, ஐந்து நிமிட வேலை.

ஒரே கியரில் மட்டும் நழுவினால்: அந்தக் கியரைப் பிடிக்கும் உறுப்பு எது என்று தேட வேண்டும். 47ஆர்இ, 48ஆர்இ வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம், பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்:

- இரண்டாவதில் மட்டும் நழுவல்: முன் பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை).
- ரிவர்ஸ் போகிறதில்லை, மூன்றாவது சரி: பின் பேண்ட். லீவரை 1-இல் வைத்து இறக்கத்தில் விட்டால் இன்ஜின் பிரேக் கிடைக்காது, அதுவே சாட்சி.
- ரிவர்ஸும் மூன்றாவதும் சேர்ந்து போயின: முன் கிளட்ச்.
- முன்னோக்கிய கியர் எதுவுமே இல்லை, ரிவர்ஸ் இருக்கிறது: பின் கிளட்ச்.

முன் பேண்டை வெளியிலிருந்தே சரிசெய்யலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை 72 இன்ச் பவுண்டுக்கு, அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, புத்தகம் சொல்லும் சுற்று அளவு திரும்பத் தளர்த்தி, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்ட வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை உணர்வில் செய்யாதீர்கள். சுற்று எண்ணிக்கை 47-க்கும் 48-க்கும் ஒன்றல்ல. பின் பேண்டுக்கு சம்ப் இறக்க வேண்டும். கிளட்ச் என்று தெரிந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். சோதனைகள் அங்கே முடிந்தன.

## நெடுஞ்சாலையில் லாக்கப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது

லாக்கப் என்பது கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் அதை இன்ஜினோடு நேராகப் பூட்டுவது. என் கையில் அதிகம் நேரம் தின்றது இதுதான். மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டரில், ஆக்சிலரேட்டரை அசைக்காமல் போகும்போது ஆர்பிஎம் இருநூறு முந்நூறு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல.

ஒரு வண்டி இதே குறையோடு வந்தது. அதற்கு முன் ஒரு பட்டறையில் கன்வர்ட்டர் மாற்றியிருந்தார்கள், பிறகு வால்வ் பாடியும் (ஆயிலை எந்தக் கிளட்சுக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் பகுதி). குறை அப்படியே இருந்தது. உரிமையாளர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் இரு முனையிலும் தொட்டேன். 0.1-க்குள் நிற்க வேண்டிய எண் 0.6-இல் ஆடியது. ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு போயிருந்தது. அந்த அலை ஆக்சிலரேட்டர் சென்சாரின் ஒயரில் ஏற, ஓட்டுநர் காலை அசைப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு லாக்கப்பை விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் மாற்றியதோடு சரி. பழைய கன்வர்ட்டரைத் திருப்பித் தர யாரும் இல்லை.

ஆகவே வரிசை இது:

1. பேட்டரி முனைகள், எர்த் ஒயர் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இரண்டு பேட்டரியிலும்.
2. ஏசி வோல்ட் சோதனை. மலிவு மீட்டர் சில ஏசியில் வைத்து டிசியைத் தொட்டால் இருபதுக்கு மேல் ஏதோ காட்டும், அதை நம்பாதீர்கள்.
3. சந்தேகம் தீரவில்லையா? இன்ஜினை அணைத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் சின்ன பிளக்கைக் கழற்றுங்கள். பெரிய ஒயரைத் தொட வேண்டாம். பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும், பரவாயில்லை. துள்ளல் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டான்.
4. ஆக்சிலரேட்டர் சென்சாரை ஸ்கேனரில் பாருங்கள். காலை மெல்ல அழுத்தும்போது எண் ஒழுங்காக ஏற வேண்டும், இடையில் குதிக்கக் கூடாது.
5. இதெல்லாம் சரி, பி0741 வருகிறது என்றால்தான் லாக்கப் சோலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு), அதன் பின் கன்வர்ட்டர்.

துள்ளல் இல்லை, நடுக்கம் மட்டும் என்றால் கதை வேறு. சொரசொரப்பான பட்டைகள் மேல் சக்கரம் ஓடுவது போல இரண்டு மூன்று விநாடி அதிர்வு. அது வரும்போது இடது காலால் பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள், விளக்கு எரிகிற அளவுக்குத்தான். லாக்கப் விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் கன்வர்ட்டர் கிளட்ச். நிற்கவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டயர் பக்கம் தேடுங்கள். கன்வர்ட்டர்தான் என்றாலும் முதலில் ஆயிலை மாற்றுங்கள். முன்பு யாராவது வேறு வகை ஆயிலை விட்டிருந்தால் அதுவே போதும் நடுக்கத்துக்கு. சரியான ஆயில் விட்டு நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டியும் தீராவிட்டால் கன்வர்ட்டர் மாற்றத் தயாராகுங்கள்.

## ஒரே கியரில் பூட்டிக்கொண்டு நகர மறுக்கிறது

கம்ப்யூட்டர் பயந்துபோய் பெட்டியைக் காப்பாற்ற ஒரே கியரைப் பிடித்துக்கொள்ளும் நிலை. இன்ஜினை அணைத்து ஒரு நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிட்டுப் பிறகு சூடானதும் திரும்ப வந்தால் சோலினாய்டு அல்லது ஒயரிங். உடனேயே திரும்ப வந்தால் சென்சார் அல்லது மின் இணைப்பு.

- பி0715, பி0720: உள்வரும், வெளியேறும் வேக சென்சார்கள். மலிவு, மாற்றுவது சுலபம்.
- பி0750 வரிசை: ஷிஃப்ட் சோலினாய்டு அல்லது அதற்குப் போகும் ஒயர்.
- பி0730: கியர் விகிதம் பொருந்தவில்லை. நழுவல் உண்மையாக இருக்கலாம். வேக சென்சார் பொய் சொல்வதாகவும் இருக்கலாம். சென்சாரை முதலில் சந்தேகிப்பது மலிவு.

பாகம் வாங்கும் முன் பெட்டியில் செருகியிருக்கும் பெரிய கனெக்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஆயில் ஊறியிருக்கும், அல்லது பின்கள் பச்சை பூத்திருக்கும். லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச் பெட்டியின் பக்கவாட்டில் சேறு படும் இடத்தில் இருக்கும். ஆலிசன் 1000-இல் (ஜிஎம் டீசல் பிக்கப்புகளில் வரும் பெட்டி) இதற்குள் தண்ணீர் போய் அரித்துவிடுவது தெரிந்த விஷயம். டிரைவில் இருக்கும்போது டேஷ்போர்டில் எழுத்து மாறி மாறி ஒளிர்ந்தால், அல்லது பார்க்கில் சில நாள் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஆனால், அந்தச் சுவிட்சைத்தான் முதலில் பாருங்கள்.

ஒயரிங் எல்லாம் சரி, சோலினாய்டின் ஓம் அளவும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, ஆனாலும் கோடு வருகிறது என்றால் வால்வ் பாடி. சுத்தமான மேசையும் பழகிய கையும் வேண்டிய வேலை, வீட்டு வாசலில் வேண்டாம்.

## கியர் போடும்போதும் மாறும்போதும் இடிக்கிறது

நின்று கிளம்பும் நொடியில் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல ஒரே ஒரு தட்டு என்றால், பெட்டியை விடுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சறுக்கும் ஸ்ப்லைன் காய்ந்திருக்கும். கழற்றிக் கிரீஸ் வைத்தால் போய்விடும். பார்க்கிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது டங் என்று சத்தம் வந்தால் யூனிவர்சல் ஜாயிண்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள், பெட்டியின் மவுண்ட் ரப்பரைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஐடிலிங் வேகம் கூடுதலாக இருந்தாலும் இடிக்கும்.

சமீபத்தில் ஆயிலோ சோலினாய்டோ மாற்றினீர்களா? கம்ப்யூட்டர் பழைய தேய்மானத்துக்குக் கற்றுக்கொண்ட கணக்கை வைத்தே புதிய பெட்டியை ஓட்டுகிறது. ஸ்கேனரில் அதை அழித்து, மிதமான ஆக்சிலரேட்டரில் எல்லா கியரும் வரும்படி பல தடவை ஓட்ட வேண்டும்.

## சூடு ஏறுகிறது

எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்து டிகிரி செல்சியஸ் வரை நிம்மதி. சுமை இழுக்கும்போது கொஞ்சம் மேலே போகும். 120-ஐத் தொட்டால் ஓரம் கட்டுங்கள். ஓரம் கட்டியதும் இன்ஜினை அணைக்க வேண்டாம்: நியூட்ரலில் வைத்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு ஆர்பிஎம்மில் பிடியுங்கள், ஆயில் கூலர் வழியாகச் சுற்றட்டும்.

கூலரைக் கண்ணால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அதற்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள், பூச்சியும் தூசியும் ஆயில் கசிவும் சேர்ந்து ஒரு கம்பளி விரித்திருக்கும். அது சுத்தம் என்றால் ஃபேன் கிளட்ச். பிறகு, சில வண்டிகளில் கூலர் லைனில் இருக்கும் தெர்மோஸ்டாட் வால்வு. அது மூடியபடி சிக்கினால் ஆயில் கூலருக்கே போகாது. பெட்டி கொதிக்கும்போது கூலருக்குப் போகும் குழாய் கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறியிருந்தால் இதுதான்.

ஓட்டுகிற விதமும் ஒரு காரணம். டிரெய்லரை மேட்டில் பின்னோக்கித் தள்ளுவதுதான் பெட்டிக்குப் பெரிய சித்திரவதை, லாக்கப் இல்லாமல் கன்வர்ட்டர் ஆயிலையே கடைந்துகொண்டிருக்கும். நான்கு சக்கர வண்டியானால் லோ ரேஞ்சில் போட்டுத் தள்ளுங்கள், வித்தியாசத்தை வெப்ப முள்ளே சொல்லும். ஈரமில்லாத கெட்டித் தரையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க மட்டும் வேண்டாம்.

## எதுவுமே பிடிக்கவில்லை

டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், இதற்காகத் தூக்கி வரப்பட்ட வண்டியை நான் ஐந்து விநாடியில் அனுப்பியிருக்கிறேன். அடுத்து, லீவர் கேபிள் பெட்டியின் முனையில் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முன், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பிரேக்கில் காலை வைத்துக் கியர் போட, நீங்கள் தள்ளி நின்று ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பிரேக்கை மெல்ல விட்டதும் ஷாஃப்ட் சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் கோளாறு ஆக்ஸிலில். ஷாஃப்டே சுற்றவில்லை, ஆயில் அளவும் சரி என்றால் பம்ப் அல்லது கன்வர்ட்டர். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

தூக்கும்போது பின் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. பெட்டியின் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றிருக்க சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எண்ணெயில்லாமல் தேயும். நல்ல பெட்டியும் அந்தப் பயணத்திலேயே கெட்டுப்போகும்.

## சம்ப் இறக்கிய பிறகு காந்தத்தில் என்ன தெரிகிறது

காந்தத்தின் மேல் கறுஞ்சாம்பல் களிம்பு, விரலில் தேய்த்தால் மை போல வழுவழு: இயல்பு. துடைத்து மாட்டுங்கள். ஆலிசன் 1000-இல் வெளியே இருக்கும் ஃபில்டரின் மேல் ஒரு வளைய காந்தம் உண்டு. பழைய ஃபில்டரோடு அதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

விரலில் குத்தும் எஃகுச் செதில், பித்தளை நிறத் துணுக்கு, சம்ப்பின் அடியில் காபித்தூள் போலக் கறுப்புத் துகள்கள் குவிந்து கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆயில் மாற்றி ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். அந்தத் துகளையெல்லாம் அப்படியே ஒரு கண்ணாடிப் புட்டியில் வாரிப் போட்டு, எழுதி வைத்த கோடுகளோடு பெட்டி கட்டுகிறவரிடம் கொடுங்கள். லைன் பிரஷர் எவ்வளவு வந்தது, எந்த கியரில் வந்தது என்று கேளுங்கள். கேஜ் மாட்டாமலேயே "முழுசா பிரிக்கணும்" என்று சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காமல், அடுத்த பட்டறைக்குப் போங்கள். பிரிக்கிறவர் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவுவாரா, மாற்றுவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். பழைய பெட்டியின் துகள் கூலருக்குள்ளும் இருக்கிறது. அது கழுவப்படாமல் போனால் புதிதாகக் கட்டிய பெட்டிக்குள்தான் வந்து விழும்.